ரிட்டனில் ஏற்றிவிட்ட பிள்ளை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஜீப்பு டிரைவர் மலைச்சாமி யாரிடமோ போனில் சொன்னார்: "ட்ரோன் ரிட்டன்ல புள்ளைய ஏத்திவிட்டுட்டாளாம்ப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீ பாதி சட்டையில். நான் துடைத்து நிமிர்வதற்குள் அவர் பேசிக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டார். காதில் விழுந்தது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*ஏலமலையின் மேல் மேகம் தவழ்ந்த ஓர் இனிய காலைப் பொ*

வேண்டாம். பிள்ளை உயிருக்குப் போராடுகிறது, மேகத்துக்கு என்ன தவழல் வேண்டிக் கிடக்கிறது? அடுத்தது:

*செங்குத்தாக எழும்பும் தானியங்கிச் சரக்கு ட்ரோன்கள் மலைவாழ் மக்களின் பொருளாதாரத்தில் ஏற்படுத்தியுள்ள*

இதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன். ஆனாலும் சேதி உங்களுக்குத் தெரிய வேண்டும். மழையில் குரங்கணிக்கு மேலே ஜீப்புப் பாதை சரிந்து கிடக்கிறது. அதற்கும் மேலே ஏலத்தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அரிசி, முட்டை, காய்கறி, செடிக்கு அடிக்கிற மருந்து எல்லாம் போடியிலிருந்து ட்ரோனில்தான் போகின்றன. ஓட்ட ஆள் கிடையாது. நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பும், தானே வழி பார்த்துப் போகும், தோட்டத்துக் களத்தில் இறங்கும். பெட்டியைக் காலி செய்து மூடிவிட்டால் தானே திரும்பிவிடும்.

போடிக்கு வெளியே ஒரு கொட்டகையில் ஃபாயிசா அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளோடு மெக்கானிக் நிஜாம். பெரும்பாலும் இருவருக்கும் கொட்டாவி விடுவதுதான் வேலை.

3

பானுப்பிரியாவிடம்தான் தடுமாறினேன். தோட்டத்தில் காய் எடுக்கிறவள், பிள்ளையின் தாய். முதல் பிரதியில் அவளை 'ஏதுமறியாத மலைப்பெண்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் சுத்தப் பொய். அவள் எல்லாம் அறிந்துதான் செய்தாள்.

(குரங்கணிப் பாதையில் 'ரிட்டன்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்களையோ லோடையோ இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஜீப்பு ரிட்டன். அதற்கு யாரும் கை காட்டலாம். நோயாளி என்றால் டிரைவர் வாடகைப் பேச்சே எடுக்கமாட்டார். முதலில் ஏற்றிவிடுவார்கள். பிறகுதான் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறிப்போய்க் கீழே இருப்பவர்களுக்குப் போன் செய்வார்கள்: ரிட்டன்ல வருது, பாத்துக்க.)

அன்று மத்தியானம் அவள் மகள் ரித்திகா, ஜூஸ் பாட்டிலில் யாரோ ஊற்றி வைத்திருந்த ஏலச்செடி மருந்தைக் குடித்துவிட்டது. வாயில் நுரை. கண் சொருகிவிட்டது.

"தூளி கட்டித் தூக்குனாலும் பாதையில்லயே தாயி, சுத்தித்தான் எறங்கணும்" என்றார் கங்காணி அழகுமலை. "இருட்டிரும்."

களத்தில் ட்ரோன் நின்றது. பெட்டி காலி.

"அண்ணே, இது ரிட்டன்தானே?"

"ஆத்தாடி! அது ஆளு ஏறுற வண்டியில்ல."

"முட்ட வந்துச்சுல்ல. ஒண்ணாவது ஒடஞ்சிருந்துச்சா? சொல்லுண்ணே."

அழகுமலை குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

[விஷமுறிவு மருந்தை மேலே அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பலாம். அந்தப் பிஞ்சு வயிற்றைக் கழுவ யாரை அனுப்புவீர்கள்?]

காய்கறிக்காகக் காற்றுத் துளை போட்ட பெட்டி அது. பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூடினாள். ட்ரோன் எழும்பியது. அதன் பிறகுதான் பாறையை நோக்கி ஓடினாள். வழக்கம் அப்படித்தானே. ஜீப்பில் டிரைவர் இருப்பார், தூக்கி வைத்த பிள்ளையைப் பார்ப்பார். இதில் பார்க்க யாருமில்லை என்பது அவள் கணக்கில் விட்டுப்போனது.

4

"நிஜாம்ணே, காலியா வரணும். வெயிட்டு காட்டுது" என்றாள் ஃபாயிசா.

"எவனாச்சும் ஏலக்காயக் களவாண்டு ஏத்திவிட்ருப்பான். வரட்டும், கையும் களவுமாப் புடிப்போம்."

ஃபாயிசாவுக்குச் சிரிப்புகூட வந்தது. அதற்குள் மலைச்சரிவில் காற்று பிடித்துக்கொண்டது. திரையில் ட்ரோன் ஆடியது. அது கேள்வி கேட்டது: *காற்று அதிகம். சரக்கை விடவா?*

விடுவது என்றால் பெட்டியை அங்கேயே, கீழே பள்ளத்தாக்கில், போட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

"விட்ரும்மா. திருட்டுச் சரக்குதானே. மெஷினு போச்சுன்னா நம்ம சோலி முடிஞ்சுச்சு."

நியாயம்தான். ஃபாயிசா 'ஆம்' மேல் விரலைக் கொண்டுபோனாள்.

*ஆனால் அவள் உள்மனம் ஏதோ*

அடித்துவிட்டேன். உள்மனம் ஒன்றும் சொல்லவில்லை. ஏலக்காய் மூட்டைக்கு எந்த உள்மனம் பேசும்? அவள் நல்லவள், கெட்டிக்காரி, அந்த விரலை அழுத்தத்தான் போகிறாள். அழுத்தவிட எனக்கு மனமில்லை. அதனால் போனை அடிக்க வைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மணி என் வேலை.

"யக்கா, ட்ரோன் ஆபீசா? ரிட்டன்ல எம் புள்ளைய ஏத்திவிட்ருக்கேன். மருந்தக் குடிச்சிருச்சுக்கா. வெரசா ஆசுபத்திரிக்குத் தூக்கிருங்க."

ஃபாயிசாவின் விரல் இன்னும் 'ஆம்' மேலேயே நின்றது. அதைத் தன் இன்னொரு கையால் பிடித்து இழுத்தாள்.

"யா அல்லா! புள்ளண்ணே... உள்ள இருக்கறது புள்ள!"

நிஜாம் வாசலில் நின்ற ஆட்டோவைக் கிளப்ப ஓடினார்.

5

முடிவுகள்.

(அ) ஃபாயிசா 'வேண்டாம்' என்று அழுத்தினாள். பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்து, ஊரே கூடி வாழ்த்த, *பானுப்பிரியாவின் கண்களில் ஆனந்தக்*

நிறுத்திவிட்டேன். அந்த ஆனந்தத்துக்கு நான் இன்னும் உழைக்கவில்லை.

(ஆ) போன் வருவதற்குள் ஃபாயிசா

இதற்கு மேல் பேனா போகவில்லை. நீங்களும் போகாதீர்கள்.

(இ) 'வேண்டாம்' என்று அழுத்தினாள். ட்ரோன் காற்றில் இப்படியும் அப்படியும் அலைக்கழிந்து, நம்பவே முடியாமல், வந்து இறங்கியது. நிஜாம் ஆட்டோவைக் கொட்டகை முற்றத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார். ஃபாயிசா ஓடிப்போய்ப் பெட்டி முன்னால் மண்டியிட்டாள். உள்ளே இருந்து ஒரு முனகல்கூட இல்லை. காற்றுத் துளையில் காதை வைத்தாள். இறக்கை இன்னும் சுற்றி ஓயவில்லை, அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே உறைந்துவிட்டாள். போன் துண்டிக்கப்படவே இல்லை.

"யக்கா, தொறந்துட்டியா? என்ன பண்ணுது எம் புள்ள?"

ஃபாயிசாவால் திறக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை, நான் என் பங்குக்குப் போனை அடிக்க வைத்துவிட்டேன். இப்போது மூடிக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். வெரசாத் திறங்கள். திறந்து, முதலில் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். பாறைமேல் நிற்கிறாள்.