அப்பாவின் நாற்காலியும் குடும்பச் சமூகவியலும்

சின்னவளுக்குக் குற்றச் சமூகவியல்தான் வேண்டியிருந்தது. சமூகவியல் இளங்கலையில் இரண்டாம் ஆண்டு வந்துவிட்டால் ஒரு சிறப்புத் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரம், மருத்துவம், சமயம், தொழில், ஊடகம் என்று எத்தனையோ இருந்தும், வகுப்பில் பாதிப் பேருக்குக் குற்றத்தின் மீதே கண். சிறைச்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போவார்கள் என்று ஒரு பேச்சு. அவள் பஸ்ஸைத் தவறவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் குற்றத்தில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது குடும்பம்.

"குடும்பத்துல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளராக இருக்கும் அப்பா.

"வீட்டுல யாருக்கு அதிகாரம், யார் முடிவு எடுக்கறாங்க, யார் வேலை செய்யறாங்க. அதெல்லாம்தாம்பா."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும்னா யாருக்கு?" என்று சமையலறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அப்பா டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

அந்தத் தாளை நடத்திய பேராசிரியை இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அதனால் மாணவர்களுக்கு அவர் காற்புள்ளி மேடம். அவர் ஒரு வேலை கொடுத்தார். "யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விதி, உங்க வீட்டுல இருக்கும், அதைச் சத்தமில்லாம, ஒரு வாரம், மாத்திப் பாருங்க. கடைசியில, உண்மையைச் சொல்லிடணும்."

சின்னவள் அதிகம் யோசிக்கவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே, டிவியைப் பார்த்தாற்போல் இருப்பது அப்பாவுடையது. சமையலறை வாசலை ஒட்டி இருப்பது அம்மாவுடையது. ஜன்னலோரம் அண்ணனுக்கு. சுவர் மூலை அவளுக்கு. யார் எப்போது ஒதுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் தன் நாற்காலியில் புத்தகங்களை மலைபோல் குவித்துவிட்டு, அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அப்பா கை துடைத்துக்கொண்டே வந்தார். நின்றார். அவளையும் மின்விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. அது வந்து... ஒண்ணுமில்ல."

ஒரு நாற்காலிக்காக மகளிடம் வாய் கொடுப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று தோன்றியிருக்க வேண்டும். காலியாக இருந்த அம்மாவின் நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்து ஒரு வாய்கூட வைத்திருக்க மாட்டார், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணன், "உப்பு" என்றான்.

அம்மா உட்காரும் அந்தப் பக்கமாகக் கேட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். அப்பா தன்னையறியாமல் எழுந்துபோய் உப்பை எடுத்து வந்தார். உட்கார்ந்தார். "அப்படியே தண்ணி" என்றான் அண்ணன். அதன் பிறகு கரண்டி. அதன் பிறகு அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம். அப்பாவின் வலது கால் மேசைக்கடியில் இல்லாத பிரேக்கை மிதித்தபடி இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் யாராவது அடங்காமல் ஓட்டினால் அப்படித்தான் மிதிப்பார்.

அம்மா சின்னவளின் நாற்காலிக்குப் போனாள். புத்தகங்களை இறக்கி வைத்துவிட்டு, சுவர் மூலையில் சாய்ந்து, சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் அப்பா உஷாராகச் சீக்கிரமே வந்தார். அவருக்கும் முன்னால் அம்மா அவருடைய நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இங்க இவ்வளவு காத்து வருமா?" என்றாள். "கிளினிக்ல நாள் முழுக்க பல் வலிக்காரங்களுக்கு உக்கார எடம் காட்டறேன். நம்ம வீட்டுல இப்படி ஒரு எடம் இருக்குன்னு எனக்கே தெரியல."

"அந்த ஃபேன் ஆடுது. தலையில விழுந்து வெச்சா என்ன பண்றது?"

"அப்ப இத்தனை நாள் உங்க தலையில விழுந்தா பரவாயில்லையா?"

அப்பா தட்டை எடுத்துக்கொண்டார். சமையலறை வாசலுக்கே போனார்.

வியாழக்கிழமை அவர் வேறு வழி பார்த்தார். சாப்பிட உட்காரும் முன்பே தண்ணீர்க் குடம் தவிர சமையலறையில் நகரக்கூடியது எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்து பரப்பினார். தட்டு வைக்கக்கூட இடமில்லை. ஆனால் அன்று அவர் ஒருமுறைகூட எழவில்லை. அவருக்கு ஒரே பெருமை.

அம்மா மேசையைப் பார்த்தாள். "இந்த யோசனை இத்தனை வருஷமா எங்க போச்சு?"

"இத்தனை வருஷமா நான் இங்க உக்காரலையே" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. காது சிவந்தது. அம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறியது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் உண்மையை உடைத்தாள். "இது என் பாடத்துக்காகச் செஞ்ச சோதனை. முடிஞ்சிடுச்சு. அவங்கவங்க பழைய எடத்துக்குப் போகலாம்."

"முடிஞ்சா முடியட்டும்" என்றாள் அம்மா. மின்விசிறிக்குக் கீழிருந்து அசையவில்லை.

கட்டுரையைப் படித்த காற்புள்ளி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரையும், எழுப்பி எழுப்பி உக்கார வெச்சிருக்கீங்க, அருமை. அந்தச் சமையலறை நாற்காலியில, நீங்க, எப்ப உக்காந்தீங்க?"

"நான் ஆய்வாளர், மேடம்."

"ம்" என்றார் மேடம். அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் மட்டும் காற்புள்ளி இல்லை. முற்றுப்புள்ளிதான்.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள். அப்பாவுக்கு மேடத்தை மிகவும் பிடித்துப்போனது. "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார். அம்மாவின் பார்வை ஜன்னலோரம் திரும்பியது. இத்தனை கலவரத்திலும் இடம் மாறாத ஒரே ஆள் அங்கே போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"நான் இந்தச் சோதனையிலயே இல்லையே" என்றான் இன்சூரன்ஸ் விற்கும் அண்ணன்.

"இப்ப சேர்த்தாச்சு" என்றாள் அம்மா. சமையலறை வாசல் நாற்காலி இனி ஆளுக்கு ஒரு வாரம் என்று முடிவாயிற்று.

முதல் வாரம் சின்னவளுடையது. சூடான சோற்றைச் சூடாகச் சாப்பிடுவதும் ஒரு அதிகாரம்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அதைத் திருத்திய கட்டுரையில் எழுதினாள். மேடம் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார்.

அடுத்த வாரம் அண்ணனுடையது. இரண்டு நாள் தாக்குப்பிடித்தான். மூன்றாம் நாள், நாலு சக்கரம் வைத்த பெரிய தள்ளுவண்டி ஒன்றை வாங்கி வந்தான். பாத்திரங்களை எல்லாம் அதில் அடுக்கி, சமையலறையிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போது நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. மின்விசிறியின் கீழே அம்மா தட்டோடு காத்திருந்தாள்.

அப்பா ஜன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல நாளைக்குப் பிறகு அவர் குரல் வேலையிடத்துக் குரலாக மாறியது.

"அவசரப்படாத. முதல்ல ரிவர்ஸ் எடு. பின்னாடி பார்த்து. ஆங், இப்ப லேசா இடது பக்கம் ஒடி."