தமிழ்லதான சொன்னேன்

விஜயராகவன் அந்த வீடியோவை ஓடவிட்டபோது நூரீனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. செம்மல் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். நெல்லித்தோப்புப் பையன்கள் நடத்தும் யூடியூப் சேனல். ‘நம்ம ஏரியா விஞ்ஞானி’ என்று தலைப்பு வேறு.

பல்கலைக்கழக ஸ்டார்ட்அப் மையத்தின் மேலாளர் விஜயராகவன். நூரீனுக்கும் செம்மலுக்கும் அறையும் ஆய்வகச் சாவியும் கொடுத்தவர். போர்வெல் தண்ணீரில் கடல் உப்பு ஏறுவதைக் காட்டிக்கொடுக்கும் சென்சார் அவர்களுடையது. அதன்மேல் உப்பு படியாமல் காக்கும் பூச்சுதான் அதற்கு உயிர். பூச்சுக்குக் காப்புரிமை கிடைத்தால்தான் கம்பெனி. இல்லையென்றால் எவன் வேண்டுமானாலும் அதையே செய்து விற்றுவிட்டுப் போவான்.

“மனு போடறதுக்கு முன்னால வெளிய வாயத் தொறக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேனே!” என்றார்.

“பேப்பர் எதுவும் போடல சார். சும்மா தமிழ்லதான சொன்னேன்,” என்றான் செம்மல். “அது எப்படி சார் கணக்குல வரும்?”

அவன் விளையாடவில்லை. மையத்தில் வகுப்பு, கூட்டம், மெயில் எல்லாமே ஆங்கிலம். ஆங்கிலத்தில் வந்தால்தான் வெளியே வந்ததாக அர்த்தம் என்று அந்த மண்டு மனதார நம்பியிருந்தது. நூரீனுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அவன் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் நினைத்திருப்போம் என்பது இன்னும் எரிந்தது.

“எந்த பாஷையா இருந்தா என்னப்பா, வெளிய சொன்னது சொன்னதுதான். அப்புறம் காப்புரிமை தரமாட்டாங்க.” விஜயராகவன் குரலைத் தணித்துக்கொண்டார். “வக்கீல்கிட்ட பேசினேன். ஒரே வழிதான். இவன் சொன்னத வச்சி, விஷயம் தெரிஞ்சவங்களாலயும் அந்தப் பூச்ச செய்ய முடியாதுன்னா தப்பிச்சோம். முழுசா கேட்டுச் சொல்லும்மா நூரீன்.”

நூரீனுக்குப் போன உயிர் திரும்பியது. செம்மலுக்கு விளக்கவே வராது. முதலீட்டாளர்கள் முன்னால் திக்கித் திணறி, ஸ்லைடையே வெறித்துக்கொண்டு நிற்பான். இங்கேயும் உளறியிருப்பான். கட்டாயம் உளறியிருப்பான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீடியோவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மா தையல்நாயகி கேட்டாள்: “அப்படி இன்னாதான்டா பண்ற அங்க?”

செம்மல் திணறவே இல்லை. என்ன பொருள், எவ்வளவு, எத்தனை சூடு, முதலில் எது, பிறகு எது, ஏன் அப்படி, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னான். அம்மா இடையிடையே மடக்கினாள். அதற்கும் பதில் சொன்னான். கூடவே வேலை பார்த்த நூரீனுக்கே அது இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். செம்மல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொதப்பிட்டேன்ல?” என்று ஆசையாகக் கேட்டான்.

நூரீனுக்கு அழுகை வந்துவிட்டது. “இல்லடா,” என்றாள். “ரொம்ப நல்லா சொல்லியிருக்க.”