ஒரே ஒரு வலம்புரி

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், சத்தியவேடு எங்கள் ஆந்திரப் பக்கம் வந்திருந்த சமயம். கமிஷன்காரர்கள் எல்லைக்கோட்டை எப்படி இழுத்துப் பார்த்தாலும் சித்தூர் ஜில்லாவுக்குச் சமுத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ, சித்தூர் கல்வி அலுவலகத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலையே பாராத பிள்ளைகளுக்காக, கடற்கரை உயிர்களைக் காட்டும் பெரிய வண்ணப்படம் ஒன்று வேண்டுமாம். தேர்வாகும் படத்தை அச்சடித்து ஜில்லா முழுக்கப் பள்ளிச் சுவர்களில் மாட்டுவார்களாம்.

நான் அப்போது திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். சொந்த ஊர் நகரி. யதுகிரி எங்கள் டிராயிங் டீச்சர். அவள் அப்பா வேதாந்தம் திருமலைக் கோயிலில் கைங்கரியம் செய்பவர். அவள் வேலை டெம்பரரி, வருஷக் கடைசியோடு முடிந்துவிடும். படம் தேர்வானால் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாக ஹெட்மிஸ்ட்ரஸ் ரத்னம்மா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வேலை போனால் யதுகிரிக்கு வீடுதான், அடுப்படிதான். கோலம் போடத்தான் இவள் விரல்கள் என்று அவள் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களுக்கு வேறு நினைப்பு இருந்தது.

ஆனால் இந்த மகராசி சமுத்திரத்தைப் பார்த்ததே இல்லை. மீன் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்காத வீடு அது. நட்சத்திர மீனையும் ஜெல்லி மீனையும் என் காலேஜ் புத்தகத்தைப் பார்த்து வரைந்துவிட்டாள். நண்டுக்குத்தான் உயிருள்ளது வேண்டும், கால் மடங்குவது புத்தகத்தில் தெரியவில்லை என்று அடம் பிடித்தாள். கேட்டது கிடைக்கட்டும் என்று, நகரி வயல் வரப்பிலிருந்து ஒன்றைப் பிடித்துச் சொம்பில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடல் நண்டு இல்லைதான். ஆனால் கால் கால்தானே.

அது சொம்பை விட்டு வெளியே வந்து சமையலறைப் பக்கம் நடந்ததுதான் தப்பு. யதுகிரியின் அம்மா வேங்கடலக்ஷ்மி மாமி போட்ட கூச்சல் மலையடிவாரம் அலிபிரி வரை கேட்டிருக்கும்.

"பெருமாளே! இந்தக் கிராதகனை யாரு ஆத்துக்குள்ள விட்டது?"

"ஒண்ணும் பண்ணாது மாமி. பயந்துகினு ஓடுது, அவ்ளோதான்" என்றேன்.

"அது பயந்துண்டு ஓடறதா? நான்னா ஓடிண்டிருக்கேன்!"

வீட்டை முழுக்க அலம்பிவிட்டார் மாமி. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் படத்தில் நண்டு அத்தனை கோபமாக, அத்தனை உயிரோடு வந்திருந்தது.

பென்சில் வேலை முடிந்தபோது பார்த்தேன். மணலில் சங்குகள் வரும் இடத்தில் மட்டும் வெறும் வட்டங்கள் போட்டு வைத்திருந்தாள். அப்புறம் அண்ணன் மகளுக்குக் காது குத்து என்று நான் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படம் வண்ணம் தீட்டி, சுருட்டி, துணியில் கட்டித் தயாராக இருந்தது. மறுநாளே இருவரும் சித்தூருக்கு ரயிலேறினோம்.

பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே, "எங்கே, அவுத்துக் காட்டு" என்றேன். கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவிழ்த்தாள். நீலமென்றால் அப்படியொரு நீலம். பொறாமையாகக்கூட இருந்தது. அப்புறம் மணலைப் பார்த்தேன். முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது.

"யதுகிரி, இந்தச் சங்கெல்லாம் எதப் பாத்துப் போட்டே?"

"எங்காத்துப் பெருமாள் சன்னிதில இருக்கே, அதைத்தான். வேற சங்கை நான் எங்கே கண்டேன்?"

"அது வலம்புரி! லட்சத்துல ஒண்ணு கெடைக்கும். மெட்ராஸ் காலேஜ்ல லேப் ரூம்பு பூரா சங்கு வச்சினு இருந்தாங்க, ஒண்ணுகூட இப்டி இல்ல. எல்லாம் எதிர்ப்பக்கம்தான் சுழிஞ்சிகினு இருக்கும். நீ கரை முழுக்க வலம்புரியாக் கொட்டி வச்சிருக்கியே!"

அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக வெள்ளிப் பூண் கட்டிப் பூஜையில் இருப்பது அந்த ஒரே சங்கு. ஈரப்புடவையோடு எட்ட நின்று, பக்தியோடு பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். உலகத்துச் சங்கெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். பாவம், வேறெப்படி நினைப்பாள்?

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "இப்போ என்ன பண்றது? கலர்கூட ஆத்துல இருக்கே."

எனக்கு மனசு கேட்கவில்லை. "நீ வாயத் தெறக்காத. சித்தூர்ல எவன் சங்கத் திருப்பித் திருப்பிப் பாக்கப் போறான்?" என்றேன். அவள் சித்தூர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்வி அதிகாரி நாகபூஷணம் படத்தை மேஜைமேல் விரித்தார். நண்டைப் பார்த்துச் சிரித்தார். அலையை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தவர், சங்குகளிடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். சங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சால பாகுந்தம்மா! ரொம்ப நல்லாருக்கு! எல்லாமே வலம்புரி! பாத்தாலே புண்ணியம். இதையே அச்சுக்கு அனுப்பிடலாம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. யதுகிரியின் முந்தானையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன், கிளம்பு என்று. அவள் அசையவில்லை.

"இல்ல சார். அது தப்பு" என்றாள். "வலம்புரி ரொம்ப அபூர்வம். கடல்ல கிடைக்கறதெல்லாம் இடம்புரிதான். இதைப் பாத்துப் படிக்கற குழந்தை நாளைக்கு நெஜமான கடற்கரைக்குப் போனா, கையில எடுக்கற சங்கெல்லாம் தப்புன்னு தூக்கிப் போட்டுடும்."

அடிப்பாவி, வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அதிகாரியின் முகம் சுருங்கியது. மூலையில் மற்ற பள்ளிகளின் படங்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. அவர் பார்வை அங்கே போய் வந்தது.

"தப்பான படத்த நான் என்ன பண்றதம்மா?"

யதுகிரி ஒரு சங்கின்மேல் விரலை வைத்தாள்.

"இது ஒண்ணை மட்டும் இப்படியே வச்சுண்டு, மத்ததையெல்லாம் சரியா மாத்திப் புதுசா வரைஞ்சு தரேன் சார். கீழே ஒரு கேள்வி எழுதறேன். இதிலே எந்தச் சங்கு வேற பக்கம் சுழிஞ்சிருக்கு, கண்டுபிடின்னு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தார். மெல்லச் சிரிப்பு வந்தது. "அப்டிப் போட்டா பசங்க செவுத்த விட்டு நகர மாட்டாங்களே! சீக்கிரம் கொண்டாம்மா" என்றார்.

வெளியே வந்ததும் அவளை நன்றாகத் திட்டினேன். திட்டத் திட்டச் சந்தோஷமாக இருந்தது எனக்கு.

புதிதாக வரைந்தாள். படம் தேர்வாயிற்று; வேலையும் நிரந்தரமாயிற்று. தெலுங்கு எழுத்துகளோடு அச்சாகி வந்த படத்தை எங்கள் பள்ளிக்கூடத்தில் மாட்டிய அன்று, வேங்கடலக்ஷ்மி மாமியையும் அழைத்திருந்தோம். மாமி மடிசாரை இழுத்துச் சொருகிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"எங்காத்துல அமர்க்களம் பண்ணின கிராதகன் இவன்தானே?" என்று நண்டைக் காட்டினார்.

"அவனேதான் மாமி. இப்போ ஜில்லா பூரா போய்க்கினு இருக்கான்" என்றேன்.

அப்புறம் ஒவ்வொரு சங்காகப் பார்த்தார். யாரும் காட்டாமலே தன் வீட்டு வலம்புரியைக் கண்டுபிடித்துவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் விரல் அங்கே நிற்காமல் கீழே இறங்கி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியில் நின்றது.

"இது என்னடீ எழுதியிருக்கு?"

"என் பேரும்மா" என்றாள் யதுகிரி.

மாமி அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.