ஏழு கட்டம், எட்டுத் தாவல்

கீபோர்டில் மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். கணினியில் இருக்கும் ஆர்பெஜியேட்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடவிடும். திரையில் எட்டுக் கட்டங்கள். ஏற்றிய கட்டம் ஒலிக்கும், அணைத்த கட்டம் ஒலிக்காமல் ஓய்வெடுக்கும். பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் அண்ணி, யாரிடமும் கேட்காமல் ஆறு மாதமாக இதைத் தட்டித் தடவிப் பழகியிருந்தாள்.

அவளுக்கு ஒரே ஆசைதான். நாளைய போட்டியில் நாத்தனாரின் ஸ்கிப்பிங் குழு தன் இசைக்குத் தாவ வேண்டும். இரண்டு மணிக்குப் பயிற்சி. அதற்குள் நாத்தனாருக்குப் பிடித்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் போன வருடத்துப் பாட்டேதான்.

வீட்டில் புயல் என்று பெயரெடுத்த நாத்தனார் கயிற்றோடு வந்து நின்றாள். பத்துத் தாவலிலேயே நிறுத்திவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. கடிகாரம் மாதிரி அடிக்குது. என் காலுக்கே தூக்கம் வருது."

"உன் காலாவது தூங்கட்டும், வாய்தான் தூங்கறதே இல்ல. இரு, மாத்தறேன்."

மணி ஒன்றே முக்கால். அண்ணி ஒரு கட்டத்தை அணைத்தாள், வேகத்தைக் கூட்டினாள். பதற்றத்தில் வரிசையின் ஓரத்தில் மவுஸ் பட்டு, எட்டுக் கட்டம் ஏழாகச் சுருங்கிவிட்டது. கூடவே ஓடிய டிரம் தாளம் மட்டும் எட்டெட்டாகவே அடித்தது.

"ஐயையோ, எங்கயோ நழுவுதே!" என்று நிறுத்தப் போனாள்.

"கைய எடுங்க அண்ணி! நிறுத்தினீங்க, உங்ககூட டூ!"

புயல் தாவிக்கொண்டிருந்தாள். சுற்றுக்குச் சுற்று உச்ச சுரம் ஒரு தாவல் முந்தி வந்து அவளைச் சீண்டியது. கால் விடாமல் துரத்தியது. அண்ணி விரல் விட்டு எண்ணினாள். டிரம்மின் ஏழு சுற்று முடிந்து எட்டாவது தொடங்கும் அடியில், ஓடிப்போன சுரமும் டிரம்மும் ஒன்றாக வந்து விழுந்தன. அவளுக்குப் புல்லரித்துவிட்டது.

"புயலு! ஏழு சுத்து முடியறப்ப உயரத் தாவு! நான் சொல்றேன்!"

"கயிறு ரெண்டு தரம் சுத்தட்டுமா?"

"மூணு தரம் சுத்து! அஞ்சு... ஆறு... ஏழு... தாவு!"

கயிறு மூன்று தரம் விசிறியது. சுரமும் டிரம்மும் சேர்ந்த அதே அடியில் இரண்டு காலும் தரையைத் தொட்டன.

கீழிருந்து அண்ணன் கத்தினார். "என்னம்மா அங்க? சீலிங் என் தலையில விழப்போகுது!"

"உன் பொண்டாட்டி இசை போட்டுட்டாங்கண்ணா! தலைய அப்புறம் பாத்துக்கலாம்!"

அண்ணி தயங்கினாள். "அப்ப... போன வருஷத்துப் பாட்டு?"

புயல் அதற்குள் போனில் குழுவைப் பிடித்துவிட்டாள். "எல்லாரும் சீக்கிரம் வாங்கடி! புதுப் பாட்டு! ஏழு சுத்து எண்ணணும், அப்புறம் பறக்கணும்!"

அண்ணி அந்த ஏழின் பக்கமே மவுஸைக் கொண்டுபோகாமல், மூன்று தடவை சேவ் செய்தாள்.