களத்துப் பாறையின் பாஸ்பரஸ்

திருப்புலி நாட்டில் சாம்பல்நிறப் பாறையை ஊடறுத்து இரண்டு கருங்கல் வரிகள் ஓடுகின்றன. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலம் விரிந்து பிளந்தபோது, அடியாழத்திலிருந்து ஏறிய பாறைக்குழம்பு அந்தப் பிளவுகளிலேயே உறைந்துபோன தடம் அது.

இரண்டும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை என்பது நிலவியல் ஆய்வு மாணவி வித்யாஸ்ரீயின் முடிவு. கிழக்கு வரியில் அவள் எடுத்த மூன்று கற்களிலும் மேற்கு வரியைவிடப் பாஸ்பரஸ் மும்மடங்கு இருந்தது, பொட்டாசியமும் கூடுதல். இன்னொரு கல்லைச் சோதித்துவிட்டால் இந்த மாதமே ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார்.

சித்திரையில் அவள் கல் எடுத்தபோது வெறுமையாகக் கிடந்த அந்தக் கிழக்கு வரிப் பாறையில் இப்போது அவள் வயதுப் பெண் ஒருத்தி குத்துக்காலிட்டு எதையோ மெழுகிக்கொண்டிருந்தாள். பெயர் கோகிலா.

"பூட்ஸக் கழட்டிட்டு ஏறுங்க. சாமை அடிக்கிற களமுங்க இது."

வித்யாஸ்ரீ கழற்றினாள்.

"சித்திரையில எவனோ வந்து மூணு எடத்துல கொத்திட்டுப் போயிட்டான். பள்ளத்துக்குள்ள போற சாமைய எப்படிங்க பொறுக்கறது?"

வித்யாஸ்ரீயின் கை சுத்தியலை முதுகுப்பக்கம் கொண்டுபோனது.

"மறைக்காதீங்க, பாத்துட்டேன்."

"நான்தானுங்க அது."

"தெரியுதுங்க. சுத்தியலோட சாமை வாங்கவா வருவாங்க?"

வித்யாஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பார்வை கோகிலாவின் கையிலிருந்த கூழின்மேல் நின்றது.

"என்னங்க அது?"

"சாணி. அடுப்புச் சாம்பலும் கலந்திருக்கு. வெடிப்ப அடைக்கணுமில்லீங்க."

"எத்தனை வருசமா?"

"களம் இருக்கிற நாளா வருசா வருசம் மெழுகறதுதான்."

சாணியில் பாஸ்பரஸ். சாம்பலில் பொட்டாசியம். ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து வெடிப்புக்குள் இறக்கியிருக்கும். வெடிப்பு இருந்த இடத்தில்தான் அன்று கல் சுலபமாகப் பெயர்ந்தது. பூமியின் ஆழத்தில் அவள் கண்டுபிடித்த ஊற்று, ஒருவேளை மாட்டுக்கொட்டகையில் இருந்திருக்கலாம்.

"மூஞ்சி ஏனுங்க இப்படிப் போச்சு?"

வித்யாஸ்ரீ சொன்னாள். கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க. கெணத்துக்கு வெடி வச்சு எடுத்த கல்லு கெடக்குது, இருபதடி ஆழத்துக் கல்லு. இதே கறுப்புதான். அத எம்புட்டு வேணும்னாலும் கொத்துங்க."

சுத்தியலின் மூன்றாவது அடியில் கல் பிளந்தது. உள்ளே வெயில் கண்டிராத கருமை. நுண்ணிய படிகங்கள் மினுங்கின. மேற்கு வரியின் கல்லும் இப்படித்தான் இருந்தது. ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

"ரெண்டும் ஒண்ணுன்னு வந்துட்டா?" என்றாள் கோகிலா.

"அப்ப அடியில எங்கயோ ரெண்டும் ஒட்டியிருக்கணுமுங்க. எவ்வளவு ஆழத்துலன்னு தேடணும்."

சொல்லும்போதே அது தன் பழைய முடிவைவிடச் சுவையான கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. 'அந்த மூன்று கற்களும் மாசுபட்டவை, சார். ஆய்வேடு இந்த மாதம் முடியாது' என்று வழிகாட்டிக்குத் தட்டி அனுப்பினாள். செய்தி போகவில்லை.

"சிக்னல் எங்கீங்க கெடைக்கும்?"

கோகிலா மேட்டைக் காட்டினாள். மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று வித்யாஸ்ரீ வெறுங்காலுடனே ஏறத் தொடங்கினாள்.