சாயும் நாள்

சென்னையிலிருந்து வந்திருந்த விற்பனைக்காரர் ஆபீஸ் சுவரில் குத்தாலம் பக்கத்து வயல்களைப் படமாக விரித்துக் காட்டியபோது, முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வயலும் ஒரு சின்னக் கட்டம். கட்டத்தைத் தொட்டால் விவசாயியின் பெயர், நெல் ரகம், நட்ட தேதி எல்லாம் வந்து நின்றன. அத்தனையும் நான் சேர்த்துக் கொடுத்த தகவல்.

எங்கள் முதலாளி வசந்தகுமார் சாருக்கு நாற்பது அறுவடை மிஷின்கள். தஞ்சாவூரில் ஆபீஸ், மிஷின்கள் நன்னிலத்திலிருந்து குத்தாலம் வரை மணி வாடகைக்கு ஓடுகின்றன. எது எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் குடித்தது என்பதெல்லாம் ஆளுக்கொரு எக்செல் கோப்பில் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் கிளவுடில் ஒரே இடத்தில் கொட்டி அலசுவதற்கு இரண்டு கம்பெனிகள் வரிசையில் நின்றன. அதில் ஒன்றைத் தேர்ந்து, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியது என் வேலை. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலாவது சுமார் ரகம், மிஷின் இருக்கும் இடத்தைச் சொல்வதோடு சரி. இரண்டாவது மழை முன்னறிவிப்பைத் தானே இழுத்துக்கொள்ளும், நாம் கேட்காததையும் சொல்லும். இரண்டாவதுதான் மேல் என்று நான்கு பக்கம் எழுதி சாரிடம் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சோதனைக்குக் கொடுத்த தகவலில் நானாகச் சேர்த்த எக்செல் பத்தி ஒன்று இருந்தது. அதற்கு ‘சாயும் நாள்’ என்று பெயர் வைத்திருந்தேன். போன தையில் மிஷின் வராமல் எத்தனையோ வயல்கள் மழையில் படுத்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அதனால் இந்த முறை முந்நூறு பேருக்குப் போன் போட்டு, உங்கள் பயிர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். முதலில் சாயக்கூடிய வயலுக்கு முதலில் மிஷின் வரும் என்று சொல்லித்தான் கேட்டேன். என்னை நம்பி எல்லோரும் உள்ளதைச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது கம்பெனியின் விற்பனைக்காரர் ஒரு பொத்தானைத் தட்டினார். பாதிக் கட்டங்கள் சிவப்பாகின.

“சிவப்புல இருக்கறவங்க வெயிட் பண்ண முடியாதவங்க சார். மழைக்கு ரெண்டு நாள் முன்னாடி வாடகைய ஏத்தினாலும் வேற எங்கயும் போகமாட்டாங்க. எவ்வளவு ஏத்தலாம்னும் இதுவே சொல்லிடும்” என்றார்.

அதுவரை அவர் எனக்கு ‘அவர்’. அதற்குப் பிறகு அவன்தான். பத்தியின் பெயரைக்கூட அவன் மாற்றவில்லை. என் பத்தியை அப்படியே எடுத்து விலையோடு முடிச்சுப் போட்டிருந்தான். தட்டில் எண்ணெய் ஊறிக் கிடந்த போண்டாவை அவன் பிய்த்துத் தின்ற விதமே அருவருப்பாக இருந்தது.

“சார், மிஷினை முன்னாடி அனுப்பறதுக்காகக் கேட்டு வாங்குனது அது” என்றேன்.

“முன்னாடிதானேம்மா அனுப்பப் போறோம்” என்றார் வசந்தகுமார் சார்.

முதல் கம்பெனியே போதும் என்று ஆரம்பித்தேன். செலவு குறைவு, சிக்னல் இல்லாத ஊரிலும் திறக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சார் என் நான்கு பக்கத்தையும் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, உங்கப்பா வயல் எது என்று கேட்டார். காட்டினேன். சாமிதுரை, மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், சிவப்பு. இன்னொருவர் நிலத்தில் முப்பது வருஷம் கூலிக்கு அறுத்த மனுஷன் சொந்தமாக வாங்கிய மூன்று மா.

“நம்ம ஆளுங்களுக்குப் பழைய வாடகைதான்னு ஒரு குறி போட்டுடுங்க தம்பி” என்றார் சார்.

ஒரு தட்டு. அப்பாவின் கட்டம் பச்சையானது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த நிம்மதியை நினைத்தால் அவன்மேல் வந்ததைவிட அதிகமான அருவருப்பு என்மேலேயே வருகிறது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை சார் என் பக்கம் தள்ளினார். பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்புறம்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். அப்பாவின் வயல் உள்ளடங்கியது. ரோட்டோரம் அம்சம் சின்னம்மாவின் வயலை முதலில் அறுத்தால்தான், அறுத்த அடிக்கட்டைமேல் ஏறி மிஷின் உள்ளே போக முடியும். எங்கள் ஊரில் ஒரே நாளில் ரோட்டிலிருந்து வரிசையாக உள்ளே அறுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். “நாலு நாளுக்கு மேல தாங்காது பாப்பா, உன்கிட்ட மறைச்சு என்ன” என்று சின்னம்மா போனில் சொன்னதை நான்தான் எழுதினேன். ஏற்றிய வாடகையை அவளால் கொடுக்க முடியாது. அவள் கட்டம்தான் இருப்பதிலேயே கடும் சிவப்பு.

“ஓகேதானே மேடம்?” என்றான் அவன்.

சுவரில் நாலு பக்கமும் சிவப்பு. நடுவில் அப்பாவின் மூன்று மா மட்டும் பச்சையாக இருந்தது. அங்கிருந்து ரோட்டுக்கு வர ஒரு மிஷின் அகலத்துக்குக்கூட வழி இல்லை.