முதல் அட்டை

"10-8-1976, செவ்வாய். அன்னப்பறவைக்கு நூறு வரி கேட்டது என் தவறு. இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது. தொண்ணூறு போதும்."

டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டாள் காந்தா. பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் டைப் அடித்துவிட்டு, மாலையில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்புக்குப் போகிறவள். புடவைக் கரைக்கான உருவம் ஒன்றைக் கட்டம் கட்டமாக எண்ணாக்கி, கம்ப்யூட்டரைக் கொண்டு தலைகீழாக அச்சிட வேண்டும், அதுதான் பரீட்சை. துளையிட்ட அட்டைக் கட்டு காலை பஸ்ஸில் சென்னைக்குப் போகும். மாலையில் அச்சான தாள் வரும். புரோகிராமைப் பிழையில்லாமல் ஓட வைத்தவர்களில் ஒருவருக்கு அங்கே வேலை. வெள்ளிக்கிழமை அந்தப் பெயரை வகுப்பிலிருந்து அனுப்புவார்கள்.

புதனன்று அன்னத்தின் கொண்டையை வெட்டி அனுப்பினாள். இடம் போதவில்லை. வியாழனன்று வாலையும் வெட்டினாள். அதே பதில்.

"ஏம்மா காந்தா, உன் அன்னம் கோழிக்குஞ்சா ஆயிக்கினு வருதே! நாளைக்கு முட்டைதான் போவும் போல" என்றான் கூடப் படிக்கும் கோதண்டபாணி.

அவனுடைய மயிலுக்கு நூற்றைம்பது வரி. முதல் நாளே ஓடிவிட்டது. தன் மூளைதான் மட்டம் என்று காந்தாவுக்குத் தோன்றியது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை அவன் அட்டைக் கட்டைக் கேட்டு வாங்கித் தன் கட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அட்டை அட்டையாக ஒப்பிட்டாள்.

அதிக நேரம் ஆகவில்லை. வித்தியாசம் முதல் அட்டையிலேயே இருந்தது. உருவத்துக்கும் புரோகிராமுக்கும் சேர்த்து எவ்வளவு இடம் வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்கிற அட்டை அது. வாத்தியார் திருஞானசம்பந்தம் தாமே துளை குத்தித் தருவார்; அதனால் அவள் அதைப் படித்ததே இல்லை. கோதண்டபாணிக்கு இருநூறு. அவளுக்கு நூறு.

"சார், எனக்கு மட்டும் ஏன் நூறு?"

"லேடீஸ் சின்னதாத்தான் போடுவீங்கன்னு நெனச்சேன்மா. நீ கேட்டிருக்கலாமில்ல?"

"இப்ப இருநூறு போட்டுக் குடுங்க சார்."

"எதுக்கு? பேரு காலையிலயே போயிட்சு. கோதண்டபாணிதான். உனக்கு என்னம்மா, நாளைக்கே கல்யாணம் ஆவும், யாரு வேலைக்கு அனுப்பப் போறாங்க?"

கோதண்டபாணி தன் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினாள். 'என் தவறு' என்பதை அடித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரத்தில் எழுதினாள்: "முதல் அட்டையைப் படிக்காதது மட்டும் என் தவறு."

அதற்குக் கீழே:

"நாளை: வகுப்பு திறந்ததும் முதல் அட்டையில் நானே இருநூறு குத்துவது. கொண்டை, வால் இரண்டையும் திரும்பச் சேர்ப்பது. சங்கத்துக்கு லீவ். பத்து மணி பஸ்ஸில் அட்டைக் கட்டை நானே சென்னைக்குக் கொண்டுபோய், வேலை தருகிறவர்களிடமே ஓட்டிக் காட்டுவது."